தோழனும் சாட்சியும்

மண வீட்டில் எல்லாக் கண்களும் இருவர் மீதே நிற்கும். அந்த இருவருக்கு அருகே வேறு இருவர் நிற்பதைக் கவனிப்பவர் குறைவு. மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான். மணப்பெண்ணின் கைக்கு எட்டும் தொலைவில் ஒருத்தி நிற்கிறாள். மாலையின் பாரத்தில் வியர்க்கும் முகத்திற்குக் கைக்குட்டை நீட்டுபவன் அவன். தாகமா என்று காதோடு கேட்பவள் அவள். மறுநாள் பந்தல் பிரிக்கப்படும்போது அவர்களை யாரும் நினைப்பதில்லை. மாப்பிள்ளைத் தோழன் என்றும் மணப்பெண் தோழி என்றும் நாம் அழைக்கும் இவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன? எதிர்பார்க்கத் தக்கது என்ன? நெடுங்காலமாக நான் எண்ணிப் பாராத இக்கேள்வி அண்மையில் எங்கள் குடும்பத்திற்குள்ளேயே வந்து நின்றது.

என் தங்கையின் மகள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறாள். அவளுடன் கல்லூரியில் படித்த பெண்ணொருத்திக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தோழியர் அறுவர் மணமகளைச் சூழ்ந்து நிற்க வேண்டுமென்றும், அறுவரும் ஒரே நிறத்தில் ஒரே கடையில் எடுத்த ஆடையே அணிய வேண்டுமென்றும் கைப்பேசிக் குழுவில் முடிவாயிற்று. ஆடைக்கு 6,500 ரூபாய்; அலங்காரம் செய்ய வரும் பெண்ணுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய்; கூட்டாக வாங்கும் பரிசில் அவள் பங்கு 3,000 ரூபாய். மொத்தம் 11,500. அவளுடைய மாதச் சம்பளம் 12,000.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் என்னிடம் வந்தாள். "மாமா, வளையலை அடகு வைத்துவிட்டுப் போகட்டுமா? போகாமல் இருந்துவிட்டால் நட்பு கெட்டுவிடுமா?" என்று கேட்டாள்.

நான் உடனே விடை கூறவில்லை. இது ஆடையைப் பற்றிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. தோழமைக்கு நுழைவுக் கட்டணம் உண்டா என்பதே அவள் கேட்டதன் பொருள். அதற்கு ஆம் என்று சொல்லவும் மனமில்லை. இல்லை என்று எளிதாகச் சொல்லிவிட்டு, அவளை அந்தக் கூட்டத்தில் தனியாக நிறுத்தவும் மனமில்லை.

கைகளைக் கேட்ட காலம்

என் நினைவு சிங்கவரத்திற்குச் சென்றது. செஞ்சிக்கு வடக்கே சில கல் தொலைவில், பாறைக் குன்றின் அடியில் அமைந்த சிற்றூர் அது. குன்றின் மேலே பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அந்த ஊரைச் சேர்ந்த பள்ளித் தோழன் ஒருவனுக்கு 1983-ஆம் ஆண்டில் திருமணம் நடந்தது. அவன் வைணவக் குடும்பத்தவன். நான் பள்ளிவாசல் தெருக்காரன். "நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்று அவன் சொன்னது ஒன்றே எனக்கு வந்த அழைப்பு.

அவன் என்னிடம் எதிர்பார்த்தவற்றை இன்று எண்ணிப் பார்க்கிறேன். முதல் நாள் இரவு, வாடகைக்கு வந்த அண்டாக்களையும் குவளைகளையும் எண்ணி வாங்கிக் காவல் இருக்க வேண்டும். விடியுமுன் மிதிவண்டியில் செஞ்சிக்குச் சென்று பூக்கட்டு வாங்கி வர வேண்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கேலி செய்தால் அவனுக்காக நான் பதில் சொல்ல வேண்டும். சடங்குக்குரிய தோழனாக மணப்பெண்ணின் தம்பி இருந்தான். மோதிரம் பெற்றுக்கொண்டதும் அவனே. ஆயினும் மாப்பிள்ளையின் கைக்கடிகாரமும் பணப்பையும் என் சட்டைப் பையில் இருந்தன. முற்பகலில் என்னை ஒரு மேசையின் முன் அமர்த்தி மொய் எழுதச் சொன்னார்கள்.

மொய்ப் புத்தகம் எழுதுவது எளிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது. எந்த வீட்டார் எவ்வளவு செய்தனர் என்பது அடுத்த தலைமுறை வரைக்கும் படிக்கப்படும் கணக்கு. ஐந்து ரூபாய் வைத்தவர் முகம் சுருங்காமலும், நூறு வைத்தவர் குரல் உயராமலும் எழுத வேண்டும். ஏழை ஒருவர் கொடுத்ததை உரக்கப் படிக்காமல் விடும் நாகரிகமும் வேண்டும். அந்தக் குடும்பத்தின் மானத்தை ஒரு பகல் முழுவதும் என் எழுதுகோலில் ஒப்படைத்திருந்தார்கள். அவர்களுக்கு என் கைகளும் நாணயமும் தேவைப்பட்டன. என் பையில் என்ன இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. அன்று நான் அணிந்திருந்தது பெருநாளுக்கு எடுத்த சட்டை.

அக்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தன என்று சொல்ல நான் வரவில்லை. வரதட்சணை அன்றும் இருந்தது. சீர் குறைந்தது என்று பந்தலில் முகம் திருப்பிய உறவினரும் இருந்தனர். ஆனால் தோழனிடம் உழைப்பைக் கேட்டார்கள், செலவைக் கேட்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

தமிழ் மரபில் தோழி

தமிழ் இலக்கியம் தோழிக்கு அளித்த இடம் பெரியது. அகநானூற்றின் 86-ஆம் பாடல் பழந்தமிழர் திருமணமொன்றைக் காட்டுகிறது. புதல்வரைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். மணமகளுக்கு அருகில் நின்றவர்களின் பணி அந்த வாழ்த்து.

அதற்கும் முன்னரே தோழியின் கடமை தொடங்கிவிடுகிறது. தலைவியின் உள்ளத்தில் உள்ளவனை வீட்டார் அறியாமல் வேறு மணம் பேச முற்படும்போது, உண்மையை உரியவரிடம் எடுத்துச் சொல்பவள் தோழி. இதனை 'அறத்தொடு நிற்றல்' என்று இலக்கணம் போற்றுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் செவிலித்தாயிடம் தோழி அவ்வாறு கூறும் கூற்றே ஆகும். அலங்கரிக்கப்பட்ட கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பது அவளுக்கு விதிக்கப்பட்ட வேலை அன்று. சொல்ல அஞ்சும் உண்மையைச் சொல்வதே அவள் வேலை.

வழுதாவூர் மணப்பந்தல்

செஞ்சி மண்ணில் நின்று மணத்தையும் தோழமையையும் ஒருசேர எண்ணுபவருக்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் போகாது. 1698-இல் முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய பின், ஔரங்கசீப் காலத்திலேயே அதன் பொறுப்பு புந்தேல ராஜபுத்திரரான சுவரூப் சிங்கிடம் வந்தது. அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங் கோட்டைக்கு உரிமை கொண்டாடினார். அவரே நம் மக்களின் நாவில் தேசிங்குராஜன். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் நிலுவைக் கப்பத்தைக் கேட்டார்; தந்தைக்கு அளித்த ஆணை மகனுக்குச் செல்லாது என்றார். 1714-இல் போர் மூண்டது.

தேசிங்கின் உயிர்த்தோழர் ஒரு முஸ்லிம். மகமத்கான் என்றும் மகபத்கான் என்றும் அவர் பெயரை எழுதுவர். பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைதோறும் விற்ற தேசிங்குராஜன் கதை சொல்வது இது: வழுதாவூரில் மகமத்கானுக்கு மணவிழா நடந்துகொண்டிருந்த வேளையில் தேசிங்கின் அழைப்பு வந்தது. மணமகன் பந்தலை விட்டு எழுந்தார். நீலவேணி என்னும் தம் குதிரையில் ஏறிச் செஞ்சிக்கு விரைந்தார். எதிரே நின்ற நவாபு தம் சமயத்தவர் என்பது அவரைத் தடுக்கவில்லை. தோழனுக்கு முன்பாகப் போரிட்டு மடிந்தார். தேசிங்கும் மடிந்தார். கடலிப் பக்கத்தில் மகமத்கானின் அடக்கத்தலம் என்று மக்கள் இன்றும் ஓரிடத்தைக் காட்டுகின்றனர். 1960-இல் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' திரைப்படம் இக்கதையைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது. 2025-இல் செஞ்சிக் கோட்டை மராட்டியர் இராணுவத் தலங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டையைப் பார்க்க வருவோரிடம் எங்கள் ஊரார் முதலில் சொல்வது இந்த இருவர் கதையைத்தான்.

மணமகனுக்குத் தோழன் துணை நிற்பதே உலக வழக்கம். வழுதாவூரில் மணமகனே தோழனுக்குத் துணையாக எழுந்து சென்றான். தோழமையிடம் எதிர்பார்க்கத் தக்கவற்றின் கடைசி எல்லையை அந்தக் கதை காட்டிவிட்டது. கேட்போர் உள்ளம் உருகுவதும் அதனால்தான்.

ஆனால் அந்தப் பந்தலில் இன்னொருத்தி அமர்ந்திருந்தாள். மணமகன் எழுந்து சென்றபின் அவள் நிலை என்ன? அவள் கையை யார் பற்றினார்? நண்பர் இருவரையும் வாயாரப் புகழும் நாம் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவதே இல்லை. அழைப்புக்கு இணங்கிச் செல்பவனின் பெருமையைப் பாடும்போது, அந்த அழைப்பு யாருடைய வாழ்வில் விழுந்தது என்பதையும் கேட்க வேண்டாமா?

சிங்கவரத்தில் வேறொரு வழக்கு உண்டு. போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு குன்றேறி அரங்கநாதரிடம் விடை கேட்டாராம். போக வேண்டாம் என்பதற்கு அறிகுறியாக இறைவன் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பள்ளிகொண்ட அந்தத் திருவுருவின் முகம் சற்றே திரும்பியிருப்பதற்கு ஊரார் கூறும் காரணம் இதுவே. இந்து நண்பர்களின் நம்பிக்கை அது. நான் அதனை ஒரு கதையாகக் கேட்டு வளர்ந்தவன். எனினும் அக்கதையின் நுட்பம் என்னைக் கவர்ந்ததுண்டு. தேசிங்கிடம் அன்பு கொண்ட இரு தரப்பை அது காட்டுகிறது. ஒரு தரப்பு, கேட்டவுடன் எழுந்து வந்தது. மற்றொரு தரப்பு, கேட்டதற்கு இசையாமல் முகத்தைத் திருப்பியது. இரண்டும் அன்பின் வேலைகளே. நாம் முதலாவதை மட்டுமே தோழமை என்று கற்றுக்கொண்டோம்.

சாட்சிக்கு உரிய இரு நெறிகள்

நம் நிக்காஹ் சபையில் தோழனுக்கு இணையாக நிற்கும் ஒருவர் உண்டு. அவர் சாட்சி. சாட்சிகள் இன்றி நிக்காஹ் நிறைவேறாது என்பது ஹனஃபி, ஷாஃபி சட்ட அறிஞர்களின் முடிவு. வக்கீலும் சாட்சிகளும் உள்ளே சென்று பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வருகின்றனர், மஹர் இவ்வளவு என்பதைக் காதால் கேட்கின்றனர், பதிவேட்டில் ஒப்பமிடுகின்றனர். ஆயிரம் பேர் உண்டு சென்றாலும் அந்த ஒப்பங்களின் மீதே அந்த மணம் நிற்கிறது.

சாட்சிகளைப் பற்றித் திருமறை பேசும் இடங்களுள் விரிவானது இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். திருமறையின் மிக நீண்ட வசனமும் அதுவே. அது கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. ஆனால் அதில் அடங்கிய இரு நெறிகள் எல்லாச் சாட்சியத்திற்கும் விளக்காக நிற்கின்றன. அழைக்கப்படும் சாட்சி வர மறுக்கலாகாது என்பது ஒன்று. சாட்சிக்கு எவ்வகைத் துன்பமும் இழைக்கலாகாது என்பது மற்றொன்று.

ஒன்று வருபவனுக்கு, மற்றது அழைப்பவனுக்கு. இரண்டையும் ஒரே வசனம் ஒருங்கே கூறியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். முதல் நெறியை மட்டும் எடுத்துக்கொண்டால், அழைப்பு ஆணையாகிவிடும். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால், எவரும் எவருக்கும் உதவாமல் தத்தம் வீட்டில் அமர்ந்துவிடலாம். வர வேண்டிய கடமையும் வருத்தாதிருக்கும் கடமையும் சேர்ந்தே தோழமை ஆகின்றன.

இந்த அளவுகோலை இன்றைய மண வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். அமெரிக்க நாட்டில் மணமகளின் தோழியர் தம் ஆடையைத் தம் செலவிலேயே வாங்குவதும், மணத்திற்கு முந்திய விருந்துகளின் செலவைப் பகிர்வதும் வழக்கமாகியிருக்கின்றன. அந்த வழக்கம் திரைப்படங்கள் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. பட்டணத்தில் மாப்பிள்ளைத் தோழர்களுக்கு ஒரே மாதிரி ஷெர்வானி. தோழியருக்கு ஒரே நிற ஆடை. மண வீட்டாரே எடுத்துக் கொடுத்தால் அது அவர்கள் விருப்பம், அழகாகவும் இருக்கும். கொடுக்க இயலாதவளிடம் அதைக் கட்டாயமாக்கும்போது, சாட்சிக்கு இடர் செய்தவர்கள் ஆகிறோம். அடகுக் கடைக்குச் சென்று வந்த கை நம் தோளில் விழும்போது, அதன் கனம் நமக்குத் தெரிவதில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவில் மணப்பெண்ணின் ஆடை பற்றி ஒரு செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விலை அதிகமில்லாத ஓர் ஆடை இருந்தது. மதீனாவில் எந்தப் பெண்ணை மணத்திற்கு அலங்கரித்தாலும் அதனையே இரவல் கேட்டு ஆளனுப்புவார்களாம். எத்தனை மணமகள்கள் அந்த ஒரே ஆடையை உடுத்தினார்களோ! ஒரே மாதிரி உடை என்பதற்கு இதைவிட இனிய பொருளும் உண்டா?

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் திருமணச் செய்தியும் நாம் அறிந்ததே. அவர் மேனியில் மஞ்சள் நிற நறுமணச் சாயத்தின் தடத்தைக் கண்டே அவருக்கு மணமானதைப் பெருமானார் (ஸல்) கேட்டறிந்தார்கள். தம்மை ஏன் அழைக்கவில்லை என்று அவர்கள் மனம் கோணவில்லை. வாழ்த்தினார்கள், ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து அளிக்குமாறு பணித்தார்கள். அழைப்பு வராததால் முறியாத அன்பு அது. அழைப்பிதழில் பெயர் விடுபட்டதற்காகப் பத்து ஆண்டுகள் பேசாதிருக்கும் நாம் இச்செய்தியை மேடைகளில் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறோம்.

அவள் எடுத்த முடிவு

இவற்றையெல்லாம் நான் என் தங்கை மகளிடம் சொற்பொழிவாக ஆற்றவில்லை. ஒன்றே சொன்னேன்: "கட்டாயம் போ. ஆனால் வளையலை வைக்காதே. உன்னால் இயலாததை உன் தோழியிடமே நேரில் சொல். குழுவில் எழுதாதே."

அவள் சென்று சொன்னாள். மணப்பெண் சற்று நேரம் பேசாதிருந்தாளாம். ஆடையின் விலையே தனக்குத் தெரியாது, மற்றவர்கள் முடிவு செய்தது என்றாளாம். 'உனக்கும் நானே எடுத்துத் தருகிறேன்' என்று அவள் கூற, இவள் மறுத்திருக்கிறாள். இருவருக்கும் அது எளிதான உரையாடலாக இருந்திருக்காது. திருமணத்தன்று இவள் தன்னிடமிருந்த பச்சைச் சேலையில் சென்றாள். வரிசையாக நின்று எடுத்த நிழற்படங்களில் இவள் இல்லை. அது இவளை வருத்தியது என்பதை நான் அறிவேன். சரியானதைச் செய்தவர்களுக்கு வருத்தம் வராது என்று யார் சொன்னது?

ஆனால் பெண்கள் பகுதிக்கு வக்கீலும் சாட்சிகளும் வந்து சம்மதம் கேட்ட நேரத்தில், மணப்பெண்ணின் அருகே அமர்ந்திருந்தவள் இவள். குனிந்த தலையுடன் இருந்த அந்தப் பெண் இவள் கையைப் பற்றிக்கொண்டுதான் 'சம்மதம்' என்று கூறினாளாம். பின்னர் இருவரும் ஆடையைப் பற்றிப் பேசவே இல்லையாம். மாதம் ஒருமுறையேனும் கைப்பேசியில் அழைத்துக்கொள்கிறார்கள். அண்மையில் அந்தப் பெண் தாய்வீட்டுக்கு வந்து காய்ச்சலில் கிடந்தபோது, இரண்டு நாள் உடனிருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவளும் இவள்தான்.

அழைப்பவர் எண்ண வேண்டியவை

மணம் செய்விக்கும் பெற்றோருக்கும் மணம் புரியும் இளைஞருக்கும் ஒன்றைக் கூற விரும்புகிறேன். தோழனை அழைக்கும்போது அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். முதியவர்களை வண்டியில் ஏற்றி இறக்கும் பொறுப்பு, உணவுப் பந்தியில் ஏழை விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பு, கணக்கு எழுதும் பொறுப்பு ஆகியவை அவனை உயர்த்தும். அவன் பணப்பையை அளக்கும் எதனையும் கொடுக்காதீர்கள். ஒரே நிற ஆடை வேண்டுமென்றால் நீங்களே எடுத்துக் கொடுங்கள். இயலாவிட்டால் ஆளுக்கொரு நிறம் வந்து நிற்கட்டும். பல நிறப் பூக்கள் கலந்த கதம்பமும் மாலைதானே!

தோழராகச் செல்பவர்களுக்கும் ஒன்று உண்டு. வராமல் இருப்பதற்குச் செலவைச் சாக்காக்காதீர்கள். வர இயலும்போது வெறுங்கையோடாவது வாருங்கள். அத்துடன், நண்பன் தவறான ஒன்றைக் கேட்டால் முகத்தைத் திருப்பும் துணிவும் உங்களுக்கு வேண்டும். பெண் வீட்டாரிடம் பேசாத தொகையொன்றை மண நாளில் அவன் கேட்கத் துணிந்தால், அவன் காதோடு 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய இடத்தில் நிற்பவர் நீங்கள் ஒருவரே. தந்தை சொன்னால் கேளாதவன் தோழன் சொன்னால் கேட்பான். அறத்தொடு நிற்றல் என்று நம் முன்னோர் சொன்னது அதனைத்தான்.

சாட்சியின் பணி ஒப்பமிட்டவுடன் முடிவதன்று. அந்த மணம் நல்லபடி நடக்கிறதா, வாக்களித்த மஹர் சென்று சேர்ந்ததா, அந்தப் பெண்ணின் முகத்தில் ஒளி இருக்கிறதா என்று ஆண்டுகள் கழித்தும் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கேட்கும் கடமையும் உண்டு. வழுதாவூர்ப் பந்தலில் தனித்து விடப்பட்ட பெண்ணுக்கு அவ்வாறு கேட்க ஒருவர் இருந்தாரா என்பதை எந்தக் கதையும் நமக்குச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பந்தல்களில் அமரும் பெண்களுக்கேனும் அப்படி ஒருவர் இருக்கட்டும்.